ஐம்பது மீட்டரில் காணாமல் போன மூன்று குண்டுகள்

பிப்ரவரியின் இரண்டாவது சனிக்கிழமை, மொன்றியலிலிருந்து 82 கிலோமீட்டர் வடக்கே, பனியில் ரைஃபிள் சுடப் போனோம். ஏன் என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வேட்டையில் ஆசை கிடையாது. ஒரு முயலைக்கூட நான் சுட மாட்டேன். போன இலையுதிர் காலத்தில் அலுவலகத் தோழி ஒருத்தி ஒரு சுடுதளத்துக்கு அழைத்துப் போனாள். காகித அட்டையைக் குறிபார்த்து நின்ற இருபது நிமிடமும் என் மூச்சைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை. ஆய்வகத்தில் எட்டு மணி நேரம், வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண் என்று ஓடும் எனக்கு அது பெரிய விஷயம். உரிமத்துக்கான வகுப்பில் சேர்ந்தேன்.

அந்த வகுப்பில்தான் நிர்மலா பழக்கமானார். யாழ்ப்பாணத்துக்காரர், லாசாலில் வீடு, துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இருபத்திரண்டு பேர் இருந்த வகுப்பில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இருவர்தான். இருவருக்கும் உரிமம் வந்தது. இருவரும் ரிம்ஃபயர் ரைஃபிள் வாங்கினோம். அதாவது பாயிண்ட் டூ-டூ எனப்படும், சின்னத் தோட்டா போடுகிற ரகம். சத்தம் குறைவு, தோளில் உதைக்காது, ஐம்பது தோட்டாப் பெட்டி பதினோரு டாலர். புதிதாகக் கற்பவர்களுக்கு இதுதான் சரி.

இனி ஸ்கோப், அதாவது குறிபார்க்க ரைஃபிளின் மேல் பொருத்தும் தொலைநோக்கி. இதைப் படிக்கும் பலர் இதற்காகத்தான் வந்திருப்பீர்கள். கடையில் 320 டாலரில் பெரிதாக்கிக் காட்டும் அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றையும், 89 டாலரில் நான்கு மடங்கு மட்டுமே காட்டும் ஒன்றையும் எடுத்து வைத்தார்கள். ஐம்பது மீட்டருக்கு நான்கு மடங்கு தாராளம், குளிரில் இறுகிப்போகிற திருகு வளையமும் அதில் இல்லை என்று கடைக்காரர் சொன்னதால் 89 டாலரையே எடுத்தேன். அது நல்ல முடிவு, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். தவறு செய்தது வேறு இடத்தில். ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடிக்கும் வளையங்களை வாங்கும்போது, "உங்கள் ரைஃபிளின் மேல்பகுதியில் குறுகலான பள்ளமா, அகலமான தண்டவாளமா?" என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கடை மூடும் நேரம். அகலமானது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்து முடுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை.

சனிக்கிழமை காலை 8.10க்கு எங்கள் வீடு இருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து கிளம்பினோம். நான், கணவர் ரமேஷ், மகள் தாரிணி. 8.30க்கு லாசாலில் நிர்மலாவை ஏற்றிக்கொண்டு பதினைந்தாம் நெடுஞ்சாலையில் வடக்கே. வெளியே மைனஸ் பதினேழு. ரமேஷுக்குத் துப்பாக்கி பிடிக்காது. "நீ சுடு, நாங்க நடக்கிறோம்" என்பதுதான் ஒப்பந்தம். சுடுதளத்துக்கு 1.8 கிலோமீட்டர் முன்னால் பனியில் கால் புதையாதபடி அகலமான பனிக்காலணி கட்டிக்கொண்டு நடக்கும் காட்டுப்பாதை ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒன்பது டாலர், சிறுவர்களுக்கு இலவசம். இருவரையும் அங்கே இறக்கிவிட்டோம்.

"எவ்வளவு தூரம் போவீங்க?"

"இவ எவ்வளவு நடக்கிறாளோ அவ்வளவு" என்றார் ரமேஷ்.

9.55க்குச் சுடுதளம். விருந்தினர் கட்டணம் ஆளுக்கு இருபது டாலர். கண்காணிப்பாளர் கீ என்ற கியூபெக்காரர். அறுபது வயதிருக்கும், காது வரை இழுத்த கம்பளித் தொப்பி. எனக்குப் பிரெஞ்சு அரைகுறை என்பதால் நிர்மலாதான் பேசினார். புதிய ஸ்கோப் என்றால் முதலில் இருபத்தைந்து மீட்டரில் சுட்டுப் பாருங்கள் என்றார் கீ. அந்த வரிசையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கால் விரல்கள் மரத்துக்கொண்டிருந்தன. ஐம்பதிலேயே போகிறேன் என்று நானே சொன்னேன்.

10.40க்கு முதல் குண்டு. கையுறையின் விரல் நுனியைக் கழற்றிவிட்டுச் சுட வேண்டும், இல்லையென்றால் விசை தெரியாது. என் மூச்சு பட்டு ஸ்கோப்பின் கண்ணாடி மங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது. பிறகு மூன்றாவது.

மூன்றாவது சுட்டபோது வேறொரு சத்தமும் கேட்டது. மெலிதாக, நீளமாக, மேலே ஏறிப் போகிற சீழ்க்கை மாதிரி.

நிர்மலா என் தோளில் கை வைத்தார். "உமா, நிப்பாட்டுங்கோ. தோட்டாவை எடுங்கோ."

"என்ன ஆச்சு?"

"அது தெறிச்சுப் போன சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது. அதற்குள் கீ சிவப்புக் கொடியைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். ரைஃபிள்களைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் பின்வாங்கினார்கள். கீயோடு நாங்களும் நடந்து போனோம்.

என் அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை.

ஜனவரியில் பெய்த மழை உறைந்து, அட்டைக்கு முன்னால் தரையெல்லாம் கண்ணாடி போலக் கிடந்தது. அதன்மேல் மெலிதாகப் பனி. பனியில் இரண்டு கீறல்கள் நேராகப் போய்ப் பின்னாலிருந்த மண்மேட்டில் ஓட்டைகளாக முடிந்தன. மூன்றாவது கீறல் பனிக்கட்டியில் வெள்ளையாக ஒரு வடு. அதற்கு அப்பால் மேட்டில் எதுவும் இல்லை. கீ மேட்டைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மேட்டுக்கு மேலே தெரிந்த மரங்களைப் பார்த்தார். அவர் எங்கே பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கெண்டு கேட்டனான்" என்றார் நிர்மலா. "காடுதானாம். நடக்கிற பாதையின்ரை பெரிய சுற்று அதாலைதான் போகுதாம். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைய."

என் கோட்டுப் பையில் தோட்டாப் பெட்டி இருந்தது. அதன் மூடியில், ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருக்கிறது. வாங்கியபோதும் அது அங்கேதான் இருந்திருக்கும். அன்றுதான் படித்தேன்.

ரமேஷுக்கு அழைத்தேன். மணி அடிக்காமலே குரல் பதிவுக்குப் போனது. மறுபடி அழைத்தேன். மறுபடி அதே. தாரிணிக்கு இன்னும் போன் வாங்கித் தரவில்லை. "சின்னத் தோட்டா, சத்தம் குறைவு" என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அழைத்தேன். போன் இரண்டு முறை பனியில் விழுந்தது.

காரில் ஏறி ஓட வேண்டும் போல இருந்தது. நிர்மலா விடவில்லை. ரைஃபிள்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் நகர்ந்தார்.

"ஒரு பிழை போதும், உமா. பூட்டைப் போடுங்கோ. காரை நான் ஓடுறன்."

1.8 கிலோமீட்டர். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. வாகன நிறுத்தத்தில் பாதையின் வரைபடம் இருக்கிறது. சின்னச் சுற்று இரண்டரை கிலோமீட்டர், பெரியது ஆறு. பெரிய சுற்றின் வளைவு ஒன்று, நாங்கள் பார்த்துக்கொண்டு நின்ற மரங்களுக்குப் பின்னால்தான் போகிறது.

ஒரு தம்பதி பாதையிலிருந்து வெளியே வந்தார்கள். நிர்மலா ஓடிப் போய்க் கேட்டார்: சிவப்புக் கோட்டுப் போட்ட பிள்ளையும் தகப்பனும் கண்டீர்களா? அந்தப் பெண் தலையாட்டி ஏதோ சொன்னாள். அதில் ஒரு சொல் எனக்கும் புரிந்தது. உட்கார்ந்து.

"என்ன சொல்றாங்க?"

நிர்மலா என் பக்கம் திரும்பினார். "பெரிய சுற்றிலை, ஒரு ஆள் பனியிலை இருக்கிறாராம். பிள்ளை பக்கத்திலை நிக்குதாம். உதவி வேணுமோ எண்டு கேட்டவையாம், வேண்டாமெண்டு கை காட்டினவராம்."

"கை காட்டினாரா? பேசலையா?"

நான் ஓடினேன். மிதிபட்ட பாதை என்றாலும் சாதாரண பூட்ஸ் முழங்கால் வரை இறங்குகிறது. பத்தடி ஓடினால் ஒரு முறை விழுகிறேன். குளிர்காற்றில் நெஞ்சு எரிந்தது. பின்னால் நிர்மலா, "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இருபது நிமிடம் என்று அவர் பிறகு சொன்னார். அந்த இருபது நிமிடமும் நான் ரமேஷை எப்படித் தூக்கிக்கொண்டு வருவது என்று மட்டுமே யோசித்தேன். தாரிணி தனியாக நிற்கிறாள் என்றும்.

ஒரு திருப்பத்தில் சிவப்புக் கோட்டு தெரிந்தது. பக்கத்தில் ரமேஷ், நடந்து வந்துகொண்டிருந்தார். காலில் ஒரு பனிக்காலணி சணல் கயிற்றால் கட்டியிருந்தது.

"என்ன, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றார். "இவளோடது பட்டை அறுந்துபோச்சு. என்னோடதைக் கழட்டிக் குடுத்துட்டு, இதை வாயில கயித்தைக் கடிச்சுக்கிட்டே கட்டினேன். போன் வேற குளிர்ல செத்துப்போச்சு."

நான் அவர் தோள், நெஞ்சு, முதுகு என்று தடவிப் பார்த்தேன். தாரிணியின் தொப்பியைக் கழற்றித் தலையைப் பார்த்தேன். "மா, நீ ஏன் அழறே? மா, ஸ்டாப்" என்றாள் அவள்.

நிர்மலாதான் நடந்ததைச் சொன்னார். ரமேஷ் காலிலிருந்த கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டார். கடைசியில் என்னிடம், "எத்தனை?" என்றார்.

"மூணு. ரெண்டு கிடைச்சுது."

திரும்பிச் சுடுதளத்துக்குப் போனோம். கீ அந்த வரிசையை மூடி, கடப்பாரையால் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். இதைக் காலையிலேயே செய்திருக்க வேண்டும், தன் பிழைதான் என்று இரண்டு முறை சொன்னார். என் ரைஃபிளை வாங்கி வளையத்தை விரலால் தள்ளினார். ஸ்கோப்பின் முன்பக்கம் லேசாக எழும்பியது. வெப்பமான வீட்டில் ஆடாதது அங்கே ஆடியது. அகலமான வளையம் குறுகலான பள்ளத்தில் பாதிதான் பிடித்திருக்கிறது. அதனால் நான் அட்டையைப் பார்க்க, குழல் தரையைப் பார்த்திருக்கிறது.

வீட்டுக்குக் கிளம்பினோம். லாசாலில் நிர்மலா இறங்கும்போது, "பேந்து கதைப்பம்" என்றார், அதாவது பிறகு பேசலாம். எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் ரமேஷ், "அடுத்த தடவை நானும் உள்ள வந்து உன் பின்னாடி உட்கார்றேன்" என்றார். அடுத்த தடவை என்று அவர் சொன்னதே எனக்கு ஆச்சரியம்.

போக நினைப்பவர்களுக்கு: ஸ்கோப்புக்கு நூறு டாலருக்குள் போதும், ஆனால் ரைஃபிளையே கடைக்கு எடுத்துப் போய் வளையத்தைப் பொருத்திப் பாருங்கள். எனக்குச் சரியான வளையம் பிறகு 26 டாலருக்குக் கிடைத்தது. ரிம்ஃபயருக்கென்றே செய்த ஸ்கோப்பா என்று கேளுங்கள், ஐம்பது மீட்டரில் அதுதான் தெளிவு. முதல் குண்டு இருபத்தைந்து மீட்டரில், ஒன்றே ஒன்று. அட்டையில் ஓட்டை தெரியாமல் இரண்டாவதைத் தொடாதீர்கள். தரையில் பனிக்கட்டி இருந்தால் உடைக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். காத்திருக்க வேண்டியிருந்தால் காத்திருங்கள். கால் மரத்தால் காருக்குள் போய் உட்காரலாம்.

நான் மார்ச்சில் மறுபடி போனேன். ரமேஷ் சொன்னபடி பின்னால் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து மீட்டரில் ஐந்து குண்டுகள், ஐந்தும் அட்டையில். ஆனால் ஒவ்வொன்றுக்குப் பிறகும் மேட்டுக்கு மேலே மரங்களைப் பார்த்தேன். அந்த மூன்றாவது குண்டு எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பிப்ரவரிச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு வாரம் அந்த ஊர்ச் செய்திகளைத் தினமும் தேடிப் படித்தேன். எதுவும் இல்லை. எதுவும் இல்லாததை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ள முடிகிறது, ஆனால் அந்தச் சீழ்க்கை எந்த இடத்தில் நின்றது என்று அது சொல்வதில்லை.