புருசனைத் தேடிய பழைய இங்கிலிஷ்காரி

என் மகள் ஆக்லாந்தில் இடைக்கால ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். போரில் காணாமற்போன அவள் தகப்பனைப் பற்றி நாங்கள் கதைத்ததே இல்லை.

ஒருநாள் சமையலறையில் ஏதோ பாட்டை உரக்கப் படித்துப் பழகினாள். ஒரு சொல்லும் விளங்காமலே என் நெஞ்சு கனத்தது.

“என்ன பிள்ளை அது?”

“ஆயிரம் வருசத்துக்கு முந்தின இங்கிலிஷ், அம்மா. புருசன் எங்கே எண்டு தெரியாத ஒரு பொம்பிளை பாடுறா.”

வழக்கத்துக்கு மாறாக இதை அவள் தமிழிலேயே சொன்னாள். பிறகு தயங்கியபடி, “நீங்களும் அப்பாவை இப்பிடித் தேடுறனீங்களோ?” என்று கேட்டாள்.

“ஓம். இப்பவும்தான்.”

அடுப்பை நிறுத்திவிட்டு அவளருகே உட்கார்ந்தேன். அவர் சிரிக்கும் விதத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவளிடமும் யாராவது புருசனைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.