எதிர்ப்பக்கத்து எட்டுப் பிள்ளைகள்

2023 ஜூலை 18, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஏழரைக்கு மூன்று இட்லி. ஒன்பதே முக்காலுக்கு அரியலூர் ஆபீஸில் இருந்தேன். மாலை நாலரை வரை அன்றைய டைரிப் பக்கம் வழக்கம்போல்தான் இருக்கிறது.

பள்ளி விட்ட பிறகு ஊர்களுக்குள் ஐந்து முதல் ஏழு வரை நடக்கும் மாலை வகுப்புகளைப் பார்த்து, எதைத் தொடரலாம், எதை மூடலாம் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பதினைந்து பிள்ளைகளுக்குக் குறைந்தால் மையத்தை மூடிவிடுவார்கள்.

அன்று 5.20-க்கு ஒரு கிராமத்துக்குப் போனேன். சமுதாயக்கூட வராந்தாவில் வகுப்பு. டிகிரி முடித்த உள்ளூர்ப் பெண் ஒருவர் தன்னார்வலராகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பதிவேட்டில் பதினேழு பேர் வருகை. தலைகளை எண்ணினேன், ஒன்பது. மறுபடி எண்ணியும் ஒன்பதுதான். மீதிப் பேர் எங்கே என்று கேட்டேன். வந்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். படிவத்திலும் டைரியிலும் 'வருகைப் பதிவு பொய்' என்று எழுதினேன்.

கிளம்பும்போது அவருடைய பையில் சில நோட்டுகள் கண்ணில் பட்டன. கேட்டு வாங்கிப் புரட்டினேன். அங்கே இல்லாத எட்டுப் பேருடைய நோட்டுகள். எல்லாவற்றிலும் முந்தின நாள் தேதி, சிவப்பு மையில் திருத்தம். ஒரு கையெழுத்து மாதிரி இன்னொன்று இல்லை. வராத பிள்ளைகள் எப்படி எழுதினார்கள்? எனக்குப் பிடிபடவே இல்லை. அடுத்த மையத்துக்குப் போவதை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சரியாக ஆறு மணிக்கு அவர் வகுப்பை முடித்தார். நான் எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார், நீங்களே பாத்துடுங்க" என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அந்த ஊரைச் சாலை இரண்டாகப் பிரிக்கிறது. பள்ளி விடும் நேரம் கழிந்ததும் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்துவிடும். குறுக்கே போக ஒன்பது நிமிடம் நின்றோம். எதிர்ப்பக்கம் ஒரு வீட்டு முன்னால் தகரக் கொட்டகையில் எட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"அக்கா, இன்னைக்கு பதினாலு லாரி. நேத்து இருவத்தொண்ணு. ஏழு கம்மி" என்றாள் அவர்களில் பெரியவள். அக்கா வந்து சேரும்வரை லாரிகளை எண்ணிக் கழித்துப் பார்ப்பதுதான் தினமும் அவர்களுக்கு முதல் கணக்காம்.

"இவங்கள இந்த ரோட்டத் தாண்டி வரச் சொல்ல மனசு வரல சார். நான் ஒருத்திதானே, எப்படியாவது தாண்டிடுவேன்" என்றார் அந்தப் பெண்.

இரண்டு இடம் என்று எழுதினால் அந்தப் பக்கம் ஒன்பது, இந்தப் பக்கம் எட்டு. இரண்டையும் மூடிவிடுவார்கள் என்று பயந்து மறைத்திருக்கிறார். என் கையிலிருந்த படிவத்திலும் இடத்துக்கு ஒரே கட்டம், நேரத்துக்கு ஒரே கட்டம். அதைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரு வாண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க புது சாரா? அப்ப நீங்க இந்தப் பக்கம் இருந்துக்குங்க. அக்கா அந்தப் பக்கமே இருக்கட்டும், பாவம்" என்றாள். அக்கா அதட்டியும் அவள் என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

அங்கேயே உட்கார்ந்து, எழுதியதை அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, இரண்டு பக்கத்தையும் ஒரே மையமாகக் கணக்கிட வேண்டும், எதிர்ப்பக்கத்துக்கு இன்னொரு தன்னார்வலர் வேண்டும் என்றும் சேர்த்தேன். மையம் பிழைத்தது. அடுத்த மாதமே அந்தப் பக்கத்துக்கு ஒருவர் வந்தார்.

அந்த ஊருக்குப் போய்வந்த மறுநாள் காலை நான் செய்த முதல் வேலை, பழைய டைரிகளை எடுத்துவைத்து, 'வருகைப் பதிவு பொய்' என்ற அதே மூன்று சொற்களை வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று தேடியது. பெரம்பலூர்ப் பக்கம் இரண்டு ஊர், தா.பழூர்ப் பக்கம் ஒன்று. மூன்று மையங்களும் மூடப்பட்டுவிட்டன. மூன்றிலும் ஆறு மணிக்கு முன்பே கிளம்பியதாக நேரத்தோடு குறித்திருக்கிறேன். ஆறு மணிக்கு மேல் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.