முள்ளில்லாத மீன்

விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பக்கத்து ஓட்டலில் ஜெயஷீலாவுக்கு மீன் ஒட்டுகிற வேலை. கேட்டால் சிரிப்பு வரும். மீனை வெட்டுவார்கள், கழுவுவார்கள், பொரிப்பார்கள், ஒட்டுவார்களா? ஒட்டுவார்கள். நெய்மீனை, அதாவது வஞ்சிரத்தை, வட்டத் துண்டு போட்டபின் வாலிலும் வயிற்றோரத்திலும் மிஞ்சுகிற சதையை வீசி எறிய எந்த முதலாளிக்கும் மனம் வராது. அதில் முள்ளைக் களைந்து, வெள்ளைப் பொடி ஒன்றைத் தூவிப் பிசிறி, பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுருட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் ஒரே சதையாகப் பிடித்திருக்கும். வட்டமாக அறுத்துப் பொரித்துவிட்டால், அந்த மீனைப் பிடித்து வந்தவனுக்கே அடையாளம் தெரியாது.

பொடியில் இருப்பது ஒரு நொதி. டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்று பெயர். புரதத்தோடு புரதத்தைக் கோத்துப் பிணைத்துவிடும். சமையலறையில் அந்தப் பெயர் யார் வாயில் நுழையும்? அங்கே அது ஒட்டுப்பொடி.

ஜெயஷீலா குளச்சல்காரி. வள்ளத்தில் விழுந்து இடுப்பு முறிந்த புருஷன் வீட்டோடு கிடக்கிறான். மகள் நர்சிங் படிக்கிறாள். இறால் உரிக்கும் கொட்டகையில் ஐஸில் விரல் புண்ணாகிக் கிடந்தவளை இந்த வேலைக்குக் கொண்டுவந்தவர் அதே ஊர்க்காரரான தலைமைச் சமையல்காரர் ஜெபசிங். முதல் நாளே ஒன்று சொல்லிவிட்டார். “ஒட்டுற விஷயம் வெளிய மூச்சு விடப்பிடாது, கேட்டியா? வெளிய போனது முதலாளி அறிஞ்சா ஒனக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது.” நன்றி மறக்கிற பிறவி இல்லை அவள். புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

போன வாரம் வேறு கம்பெனிப் பொடி வந்தது. தண்ணீர் பட்டதும் பால்பவுடர் வாசம். “என்னண்ணே, பால் மணம் அடிக்குது?” என்று கேட்டாள். “பால்ல உள்ள சத்த கூட்டியிருக்கானாம். இன்னும் நல்லா புடிக்கும்” என்றார். இருவரும் அத்தோடு மறந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓட்டல் நிரம்பி வழிந்தது. உள்ளறையில் முள் களைந்துகொண்டிருந்த ஜெயஷீலாவிடம் மலையாளி சர்வர் ஷிபு மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“சேச்சி, பழம் ஒண்ணு எடுங்க, வேகம். ஒரு கொச்சுக் குட்டிக்குத் தொண்டையில முள்ளு குடுங்ஙி, சிக்கிப் போச்சு. ஒரே இருமல்.”

“எந்த மீனு?”

“நெய்மீன் வட்டம். அந்தக் குட்டிக்குப் பால் ஆகாது. அம்மா ரெண்டு தடவ கேட்டு, அதுல பால் இல்லன்னு ஜெபசிங் சேட்டன் பறஞ்சப்புறம்தான் வாங்கினாங்க.”

அந்தப் பால் மணம் ஜெயஷீலாவுக்கு நினைவு வந்தது. அந்த மீனில் முள் இருக்க வழியே இல்லை. ஒவ்வொரு சதையையும் விரலால் தடவிப் பார்த்துச் சேர்த்தவள் அவள்தான். அப்படியானால் பிள்ளை இருமுவது முள்ளால் அல்ல.

அவள் நிமிர்ந்தபோது ஜெபசிங் கதவருகே நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். பால் இல்லை என்று அவர் வஞ்சகமாகச் சொல்லவில்லை. பால் என்றால் பாக்கெட்டை வெட்டி ஊற்றுவது என்றுதான் அவர் நினைப்பு ஓடியிருக்கிறது. இப்போது அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் கையை நீட்டி மறித்தார்.

“நீ போவாத. முள்ளுன்னுதான சொல்லுதாங்க. பழத்த முழுங்குனா செரியாவும்.”

மகளின் படிப்பு, புருஷனின் மருந்து, கொட்டகையின் நாற்றம் எல்லாம் ஒரு நொடியில் அவள் கண்முன் வந்து போயின. பயந்தாள், பயப்படாமல் என்ன? அந்தப் பயத்தோடேயே அவர் கையைத் தள்ளிவிட்டு, செதில் ஒட்டிய ஏப்ரனோடு கூடத்துக்குள் ஓடினாள்.

ஜன்னலோர மேசையைச் சுற்றிக் கூட்டம். மீன் சாப்பிடும்போது இருமினால் இந்தக் கரையில் யாரும் வேறு எதையும் யோசிப்பதில்லை. ஒருவர் சோற்றை உருட்டி நீட்டினார், ஒரு பெண் முதுகில் தட்டினாள். நடுவில் அம்மாவின் மடியில் சின்னப் பெண். உதடு வீங்கியிருந்தது. இருமல் நின்று மூச்சு மட்டும் விசில் போல வந்துகொண்டிருந்தது.

“ஸ்நேகா, முழுங்கும்மா, முள் இறங்கிடும்” என்று அந்தத் தாய் சோற்றுருண்டையை வாயருகே கொண்டுபோனாள்.

“குடுக்காதீங்க. அதுல முள்ளு கெடயாது.”

“நீங்க யாரு?”

“உள்ள வேலை செய்யுறவ. அது முழுமீன் இல்லம்மா. துண்டுதுண்டா உள்ளத நாந்தான் பொடி போட்டு ஒட்டினேன். முள்ளெல்லாம் எடுத்தாச்சு. அந்தப் பொடியில பால் இருக்கு.”

அந்த அம்மா பையைக் கவிழ்த்தாள், ஒவ்வாமைக்கென்று எப்போதும் வைத்திருக்கும் ஊசியைத் தேடி எடுத்தாள், பிள்ளையின் தொடையில் குத்தினாள். கண்கள் ஒழுகிக்கொண்டிருந்தன. யாரோ காரை எடுக்க ஓடினார்கள். அவர்கள் போனபிறகு மற்ற மேசைக்காரர்கள் மீன் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார்கள். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து நின்று ஜெயஷீலாவையே பார்த்தார்.

மறுநாள் காலையில் ஜெபசிங் போன் செய்தார்.

“புள்ள பிழைச்சிட்டு. வீட்டுக்கு விட்டாச்சாம்.”

ஜெயஷீலா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இரவெல்லாம் வராத அழுகை இப்போதுதான் வந்தது. அவர் அது ஓயும்வரை காத்திருந்தார்.

“நீ இனி வர வேண்டாமுன்னு முதலாளி சொல்லச் சொன்னாரு. அந்த அம்மா புகார் குடுத்திருக்கா. விசாரிக்க வந்தவங்க மீன ஒட்டினது யாருன்னு கேட்டாங்க. நீயே அம்புட்டு பேரு முன்னால சொல்லிட்டியே, நான் என்ன சொல்ல?”

“பால் இல்லன்னு சொன்னது யாருன்னு கேக்கலியா அண்ணே?”

அந்தப் பக்கம் அவர் கொதிக்கும் எண்ணெயில் மீனைப் போடும் சத்தம் கேட்டது.

“அத யாரும் கேக்கல பிள்ள” என்று சொல்லிவிட்டு ஜெபசிங் போனை வைத்தார்.