பூட்டிய அறைக்கு ஒரு ஜெபம்

செய்த ஜெபத்தைத் திரும்பப் பெற முடியுமா?

என் கணவரிடம் கேட்டேன். அவர் போதகர், இதற்கென்றே படித்தவர். ஒரு கேலியோடு நிறுத்திக்கொண்டார். துணி காயப்போடும்போதும் மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் நானாக யோசித்துப் பார்க்கிறேன். ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு யோசிக்கிறேன். இன்றுவரை தெரியவில்லை.

நான் காரியாபட்டிக்காரி. அப்பாவுக்கு அங்கே சின்ன உரக்கடை. என் கணவர் விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடைகள் இருக்கும் தெருவில் வளர்ந்தவர். “தும்மாம ஜெபம் பண்ணிப் பழகுனவன், எந்த ஊர்ல போட்டாலும் சமாளிச்சிருவேன்” என்பார். அவருடைய முதல் சபை எம். புதுப்பட்டியைத் தாண்டி, பட்டாசு ஆலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு கிராமம். தேவாலயத்தை ஒட்டி எங்களுக்குக் குருமனை, அதாவது போதகர் வீடு. போதகரின் மனைவியை இந்தப் பக்கம் ஐயரம்மா என்பார்கள். என் அம்மா வயதுப் பெண்களும் நான் வந்தால் சேரைவிட்டு எழுந்துவிடுவார்கள், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்கள். வந்த புதிதில் எனக்குப் பயம் தந்தது அந்த மரியாதைதான். நாங்கள் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார்களோ என்று தோன்றும்.

எங்கள் சபையில் ஓர் இளம் தம்பதி உண்டு. அவள் என்னைவிடச் சின்னவள், கைக்குழந்தைக்காரி. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. பால் மறக்கடிப்பது, பல் முளைப்பது, சளி பிடிப்பது என்று எங்களுக்குள் பேச்சு ஓயாது. இந்த ஊரில் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்காதவள் அவள் ஒருத்திதான். அவளும் அவள் கணவனும் ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள். அதிகாரிகள் அந்த ஆலைக்குப் பூட்டுப் போட்டு மாதக் கணக்கில் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவன் என் கணவரிடம் வந்தான்.

“ஐயா, வீட்டுலயே ஒரு தொழில் ஆரம்பிச்சிருக்கோம். வெள்ளிக்கெளம வந்து ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க.”

“சந்தோஷம்ப்பா, வந்துருதேன்.”

என்ன தொழில் என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் கேட்கவில்லை. இங்கே தையல் மிஷின் வாங்கினாலும் ஆடு வாங்கினாலும் ஜெபத்துக்குக் கூப்பிடுவார்கள். ஒருமுறை இவர் ஓர் ஆட்டின் தலையில் கைவைத்து ஜெபித்துக்கொண்டிருந்தபோது அது அங்கியின் ஓரத்தைத் தின்னத் தொடங்கிவிட்டது. தீப்பெட்டி ஒட்டுவது, காகிதக் குழாய் சுற்றுவது, காலண்டருக்குத் தகடு அடிப்பது என்று வீட்டில் செய்யும் வேலைகள் நிறைய உண்டு. அதில் ஏதோ ஒன்று என்று நினைத்தோம். நினைத்தோமா, அல்லது அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்ததா? அதையும் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை போனோம். வீட்டில் இரண்டே அறை. உள்ளறை பூட்டியிருந்தது. வாசலை ஒட்டிய அறையில் சேலைத் தொட்டிலில் குழந்தை தூங்கியது. டீயும் மிக்சரும் வாழைப்பழமும் வைத்தார்கள். எங்கே நின்று ஜெபிக்க வேண்டும் என்று இவர் கேட்டார்.

“இந்த ரூம்தான்யா. உள்ள சரக்கு அடைஞ்சு கெடக்கு. இங்கன நின்னே பண்ணிருங்க” என்றான் அவன்.

இவர் பூட்டிய கதவின்மேல் உள்ளங்கையை வைத்தார். இந்தக் கைகளின் வேலை செழிக்க வேண்டும், எந்தத் தீங்கும் இந்தக் கூரையை அண்டக் கூடாது என்று உருக்கமாக ஜெபித்தார். அவள் அழுதாள். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான்தான்.

வெடிமருந்து வாசனை வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்திருக்கும். ஆனால் இந்த ஊரில் பஸ்ஸிலும் அதே வாசனைதான், காணிக்கைப் பையில் விழும் நோட்டிலும் அதே வாசனைதான்.

அடுத்த வாரம் குழந்தைக்கு மூக்கடைப்பு என்று அவள் போன் செய்தாள். என் மகளுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்திருந்த சொட்டு மருந்தின் பெயரைச் சொன்னேன். பிறகு, வயது குறைந்த குழந்தைக்கு அதைச் சொன்னது சரியா என்று பதறி, முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்வதற்காக மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரிலேயே போனேன். உள்ளறை திறந்திருந்தது.

தரை முழுக்கக் கறுப்பு நூல், கட்டுக் கட்டாக. கருந்திரி. வெடிமருந்து தோய்த்த நூல் அது. வெடிக்குள் நெருப்பைக் கொண்டுபோவது அதுதான். உரிமம் உள்ள ஆலையில் மட்டும் செய்ய வேண்டியது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அவள் அந்தக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலே, அந்த அறைக்குள்ளேயே, சேலைத் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் தொட்டிலைப் பார்த்து நின்ற நேரத்தில் என் மகள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கிவிட்டாள். திரிக்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிடுங்கினால் அவளும் இழுப்பாள். இழுத்து உரசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. “அம்மாவுக்குத் தா, அம்மாவுக்குத் தா” என்று கையை நீட்டிக்கொண்டே நின்றேன். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள்.

“அம்புட்டுக்கெல்லாம் தீப்பத்தாது ஐயரம்மா. எதுக்கு இப்பிடி வேர்க்குது ஒங்களுக்கு?” என்று தரையில் உட்கார்ந்திருந்தவள் சிரித்தாள்.

“தொட்டில ஏன் இங்கன கட்டியிருக்க? அன்னைக்கு வெளிய இருந்துச்சே.”

“வெளியதான் கட்டியிருந்தேன், கொசு புடுங்குச்சு. இங்கன ஃபேன் இருக்கு.” பிறகு, நான் மறந்துவிட்டதை நினைவுபடுத்துகிறவள் போலச் சொன்னாள்: “ஐயா ஜெபம் பண்ணுன ரூமுல்ல? இந்தத் தெருவுலயே பயமில்லாத எடம் இதுதான்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாக.”

ஜெபத்துக்கு முன்பு அவர்களுக்குப் பயம் இருந்திருக்கிறது. அந்தப் பயம் குழந்தையை வாசல் பக்கம் வைத்திருந்தது. எங்கள் ஜெபம் குழந்தையை உள்ளே கொண்டுவந்திருக்கிறது.

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கை கழுவிவிட்டார். சாயங்காலமே அவனை வரச்சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“அன்னைக்கு என்ன தொழில்னு நீங்க கேக்கலையேய்யா. இன்னைக்குக் கேக்கீக” என்றான் அவன்.

“கேக்காதது என் தப்பு. இப்ப சொல்லுதேன், இத விட்ருப்பா. வீட்டுல புள்ள இருக்கு.”

“புள்ள இருக்கப்போய்த்தான்யா செய்றேன். கம்பெனியப் பூட்டிட்டாக. வயித்தப் பூட்ட முடியலையே. நம்ம சபையில கருந்திரி சுத்துற வீட்டுக்காரவுக எல்லாம் எந்திரிச்சு வெளிய போங்கன்னு ஒரு ஞாயித்துக்கெளம சொல்லிப் பாருங்க. பிரசங்கத்த நீங்களும் ஐயரம்மாவுந்தான் கேக்கணும்.”

இவருக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது போலிருக்கிறது, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “ஜெபம் பண்ணியாச்சுன்னு தைரியமா இருக்காத. அதத்தான் சொல்லுதேன்.”

“அப்ப பலிக்காதுன்னு நீங்களே சொல்லுதீகளா?”

“அப்பிடிச் சொல்லலப்பா.”

“பின்ன எதுக்குய்யா கை வச்சீக?”

நான் டீயைக் கொண்டுபோய் நீட்டினேன். அவன் மரியாதையாக எழுந்து வாங்கிக்கொண்டான்.

அவன் போனதும், “போலீசுக்குச் சொல்லிருவோம்” என்றேன்.

“வந்து அவனப் புடிப்பாங்க. ஆர்டர் குடுத்தவன் காருல போய்க்கிட்டே இருப்பான். அவ கைப்புள்ளையோட ஸ்டேஷன் வாசல்ல நிப்பா. அதுக்குப் பெறகு இந்த ஊர்ல ஒரு கதவு நமக்குத் திறக்குமா?”

“கதவு திறக்கிறதா முக்கியம்? அந்தக் குழந்தை?”

“நான் மட்டும் அதை நெனைக்கலையா?”

“அப்போ ஜெபத்தையாவது திருப்பி எடுங்க.”

“கடையில எடுத்த சட்டையா, அளவு பத்தலைன்னு திருப்பிக் குடுக்க?” என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். இல்லை, கேட்டது சரிதான். கேட்ட விதம்தான் சரியில்லையோ என்னவோ.

அந்த ஞாயிறு, ஜெபத்தைக் காரணம் காட்டி எச்சரிக்கையை விட்டுவிடக் கூடாது என்று பிரசங்கம் செய்தார். யாரையும் குறிப்பிடவில்லை. முடிந்ததும் வரிசையாக வந்து, “நல்ல செய்தி ஐயா” என்று கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அவனும் வரிசையில் வந்து கைகொடுத்தான்.

பிறகு ஒரு காலையில் வெடிச் சத்தம் கேட்டது. மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. கை மாவோடு மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டு அக்கா ஒருவர், தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். மகளை அவர் கையில் கொடுத்தேன்.

“ஏத்தா ஐயரம்மா, செருப்பையாவது போட்டுக்கிட்டு ஓடு!” என்று பின்னால் கத்தினார். நான் நிற்கவில்லை.

அவர்கள் தெரு முனையில் திரும்பினேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். புகை தொலைவில் வேறு பக்கம் எழும்பிக்கொண்டிருந்தது.

“இங்கன இல்ல ஐயரம்மா. ரொம்பத் தெக்க.”

“ஸ்தோத்திரம்” என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. தெற்கே யாரோ ஒருத்தி இந்நேரம் தரையில் விழுந்து அழுதுகொண்டிருப்பாள். எதற்கு நான் ஸ்தோத்திரம் சொன்னேன்?

அவள் அதைக் கவனிக்கவில்லை. “பாத்தீகளா? எங்கன வெடிச்சாலும் எங்க வீட்டுப் பக்கம் வராது. ஐயா வச்ச கை அப்பிடி” என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

இவர் அதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு, அடிபட்டவர்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தார். திரும்பி வந்து நெடுநேரம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு அந்த இளம் தம்பதியின் வீட்டுக்கு மறுபடி போய் அவனிடம் பேசினார். இந்தப் பட்டாசுச் சீசன் முடியட்டும் ஐயா என்றானாம்.

என்னால் ஆனது ஒன்றுதான் என்று தோன்றியது. “பகல்ல புள்ளைய என்கிட்ட விட்ரு” என்று அவளிடம் கேட்டேன். உடனே சம்மதித்தாள். தொட்டில் சேலையையும் கொடுத்தனுப்பினாள். குருமனையின் முன்னறைக் கொக்கியில் அதைக் கட்டினேன். “ரெண்டாவது எப்பத்தா பெத்த? சொல்லவே இல்லையே!” என்று எதிர்வீட்டு அக்கா கேலி செய்தார். அன்று என் மகளும் அந்தக் குழந்தையும் பக்கத்துப் பக்கத்தில் தூங்கியதைப் பார்த்தபோது, பல வாரங்களுக்குப் பிறகு நானும் கொஞ்சம் கண்ணயர்ந்தேன்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. ஒரு சாயங்காலம், குழந்தையைத் தூக்க வந்தவள் எங்கள் குழாயடியில் கறுத்த விரல்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “நீங்க புள்ளைய வச்சுக்கிடுறதுல வேல எம்புட்டுச் சுளுவா போகுது தெரியுமா? ஆர்டர் கூடுதலா எடுத்துருக்கோம்.”

என்னிடம் நன்றி சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள். குழந்தை தூங்கும் இரவில், அந்த வீட்டில் முன்னைவிடக் கூடுதலாகக் கருந்திரி இருக்கும். அதற்கு வழி செய்தது நான்.

இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு இன்னோர் அறை எடுத்திருக்கிறார்கள். நேற்று அவன் வந்து, “வர்ற வெள்ளிக்கெளம வாங்கய்யா. போன தடவ மாதிரியே கை வச்சு ஜெபிங்க” என்று கூப்பிட்டுவிட்டுப் போனான்.

போவேன் என்கிறார் இவர். கதவைத் திறக்கச் சொல்வாராம். உள்ளே நின்று, இந்தத் தொழிலிலிருந்து இவர்களை விடுவியும் என்று அவர்கள் காதுபடவே ஜெபிப்பாராம். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் என்ன வார்த்தை சொன்னாலும், ஐயா வந்தார், கை வைத்தார் என்பது மட்டும்தான் அவர்கள் மனதில் நிற்கும். வேறொரு நாள் அந்தத் தகர அறையிலும் தொட்டில் கட்டிவிடுவார்கள். போகாவிட்டால்? ரோஷம் வந்து குழந்தையை என்னிடம் அனுப்புவதை நிறுத்திவிட்டால்? பகலாவது அது இங்கே இருக்கிறதே. கருந்திரி பற்றித் தகவல் சொல்லும் புகார் நம்பரை என் போனில் ஏற்றிவைத்திருக்கிறேன். வேறு பெயரில்தான். ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்க்கிறேன், அவள் முகம் வருகிறது, வைத்துவிடுகிறேன்.

இதை எழுதும்போது குழந்தை தொட்டிலில் தூங்குகிறது. இன்னும் சற்று நேரத்தில் அவள் வந்து தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குத்தான் போவாள்.

இதை வாசிப்பவர்களில் குருமனையில் வாழ்ந்தவர்கள் இருக்கலாம். திரி சுற்றிப் பிள்ளை வளர்த்தவர்களும் இருக்கலாம். ஜெபத்தைப் பற்றிய என் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை இவரை அந்த வீட்டுக்கு அனுப்பட்டுமா, அதற்கு முன்பே அந்த நம்பரைக் கூப்பிடட்டுமா? என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.