சிக்கு விழுந்த தலை

வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கரும்பலகையில் பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு நின்றுவிட்டேன். மறந்துபோகவில்லை. எதற்கு என்று தோன்றியது. அந்த வாரத்தோடு வேலையை விட்டேன்.

பிறகு சென்னீர்குப்பம் வீட்டில் படுத்தே கிடந்தேன். குளிக்க எழுந்திருப்பதே பெரும்பாடு. என் கணவர் கெட்டவர் இல்லை. காலையில் சோறு வடித்து மூடி வைத்துவிட்டுத்தான் அம்பத்தூருக்கு வேலைக்குப் போவார். “மனச நீதான் தைரியமா வெச்சிக்கணும்” என்பார். அந்தத் தைரியத்தை எங்கே போய் எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கீழ் வீட்டில் ஒரு முஸ்லிம் அக்கா தையல் மிஷின் போட்டிருந்தார். மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனவர், என் கதவு திறந்திருந்ததைப் பார்த்து உள்ளே வந்தார்.

“இன்னாமா இப்டி கீறே? தலை வாரி எத்தினி நாளாவுது?”

முடி கயிறாக முறுக்கிக் கிடந்தது. தேங்காயெண்ணெயை ஊற்றிச் சீப்போடு வெகுநேரம் போராடினார். ஆகவில்லை. கீழே போய்க் கத்தரிக்கோல் எடுத்துவந்தார்.

“வெட்டிடட்டுமா?”

“வெட்டுங்கக்கா.”

தரையில் விழுந்த முடியைப் பார்த்து அவர்தான் அழுதார். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அன்று மாலை என் கணவரை வாசலிலேயே நிறுத்தினார். “இது சோம்பேறித்தனம் இல்ல தம்பி, நோவு. டாக்டராண்ட இட்டுகினு போ.”

பூந்தமல்லியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். “தூக்கம் வருதாம்மா?” என்று என்னிடம்தான் கேட்டார்.

“நல்லாத் தூங்கறா சார்” என்றார் கணவர். “சாப்புடறா.”

நான் கண்ணை மட்டும்தான் மூடிக்கொண்டிருந்தேன். சோற்றில் பாதி குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு எப்படித் தெரியும்? டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தியதும் என்னைப் பார்த்தார்.

“உயிரோட இருக்கப் பிடிக்கல சார்.” அவ்வளவுதான் வந்தது.

“வீட்ல சொன்னீங்களா?”

“இல்ல.”

“நான் சொல்லட்டுமா?”

சரி என்று தலையாட்டினேன்.

திரும்பும் வழியில், மெட்ரோ தூண் ஒன்றின் ஓரமாகக் கணவர் வண்டியை நிறுத்தினார். “எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. பிறகு வண்டியைக் கிளப்பினார்.

முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. கை நடுங்கியது. டாக்டர் வேறு எழுதினார். அதில் வாய் உலர்கிறது, பகலிலும் தூக்கம் வருகிறது, மற்றபடி உள்ளே எதுவும் அசையவில்லை. “நாளாகும்மா” என்கிறார் டாக்டர். இருக்கலாம். கல்லூரியிலிருந்து ஒருமுறை கூப்பிட்டார்கள். நான் போனை எடுக்கவில்லை.

கணவர் மாத்திரைகளைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். வேளைக்கு எடுத்துக் கையில் தந்து, விழுங்கும்வரை நிற்கிறார். குணமாகும் என்று அவர் நம்புகிறாரா, கேட்டதில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் டாக்டரிடம் போகிற நாள் வந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறேன்.