வரப்பில் நின்றது யார்?

திருப்பனந்தாள் பக்கத்தில் எங்கள் கிராமம். அங்கே நடவுக்குப் போகும் பெண்களுக்கு ஒரு வாட்சப் குழு உண்டு. விடிந்ததும் அதில் செல்வியின் குரல் வந்து விழும்: "இன்னைக்கு வாய்க்கா ஓரத்து வயலு, மூணு மா. வெத்தலைய மறந்துட்டு வந்து எங்கிட்ட கை நீட்டாதீங்க." நான் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லித் தருகிறவள். வயல் எது, எத்தனை மா நிலம் என்று தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் காபி. போன மாதம் ஒரு காலையில் செல்விக்குப் பதிலாக அவள் நாத்தனார் கொளஞ்சியின் குரல் வந்தது. "செல்வி எந்திரிக்கலையே" என்றது. அதற்குமேல் அழுகைதான். தூக்கத்திலேயே மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள். என் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

செல்வியும் நானும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. இருவரின் அம்மாக்களும் கூலிக்கு நட்டவர்கள். கணக்கில் அவள்தான் கெட்டிக்காரி. ஆனால் அவள் வயலில் இறங்கினாள், நான் பஸ் ஏறினேன். முப்பத்தைந்து வருஷமாகியும் எங்களுக்குள் வாடி போடி மாறவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம், அவளுக்கு நாக்கு நிறையக் கேலி. அதனாலேயே பொருந்திப் போனோம் என்று நினைக்கிறேன்.

அவளோடு நடும் பெண்களின் செட்டில் ஒரு வழக்கம். வரிசையில் நிற்கும் ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி, குறை சொல்லிப் பாடுவார்கள். வரிசையில் இல்லாதவள் ராணியானாலும் அந்தப் பாட்டில் வரமாட்டாள். எனக்கும் ஒன்று கட்டேன் என்று ஒருமுறை கேட்டேன். "சேத்துல நின்னாத்தான்டி பாட்டுல பேரு" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள், எனக்கு உறுத்தியது. ஊருக்குப் போகும்போதெல்லாம் புடவையில் சேறு படாமல் வரப்பில் நின்று அவர்களைப் பார்ப்பேன். நான் இல்லாமலே அவர்கள் அத்தனை சந்தோஷமாக இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

அப்படி நின்று கேட்ட இன்னொரு பாட்டு இது:

ஊரெல்லாம் வயலுக்குள்ளே
ஒண்ணாச் சேந்து நிக்கையிலே
ஒத்தையிலே நான் நிக்கிறேன்
ஒசந்த வரப்பு மேலே
வான்னு சொல்ல ஆளில்லே
வாழ்ந்து என்ன பூமியிலே

கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே ஒதுக்கிவைத்த ஒரு பெண்ணின் விம்மல் இது என்று பதினெட்டுப் பக்கம் எழுதினேன். கல்லூரிக் கருத்தரங்கில் அதை வாசிக்க ஏற்பாடானபோது, வேன் வைத்துச் செல்வியின் செட்டையே வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தேன்.

'விம்மல்' என்ற சொல்லுக்கு வந்தேன். முன்வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. பிறகு இன்னொன்று. கொளஞ்சி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். செல்வி எனக்காக முகத்தை இறுக்கி வைத்திருந்தாள், ஆனால் தோள் குலுங்கியது. ஒரு மாணவி எழுந்து, அவங்களையே கேட்டுவிடலாமே என்று மைக்கைக் கொண்டுபோய்ச் செல்வியிடம் நீட்டிவிட்டாள்.

"டீச்சர் நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்று தொடங்கினாள் செல்வி. சபையில் எனக்கு மரியாதை கொடுத்தாளாம். "ஆனா இதுல அழுவுறது நாங்க இல்லீங்க. எங்கம்மா காலத்துல பண்ணையில மேப்பார்வை பாக்குறவரு ஒருத்தரு கொடைய புடிச்சிக்கிட்டு வரப்புல நிப்பாரு. சேத்துல எறங்கினா அவரு கௌரவம் போயிடும். எங்க ஆளுங்களோட சிரிச்சுப் பேசினா அதுவும் போயிடும். பாவம், பொழுதன்னைக்கும் ஒத்தையில நிப்பாரு. அவரு மனசுல என்ன ஓடும்னு எங்கம்மா பாடிவிட்டுச்சு."

அரங்கமே சிரித்தது. என் பதினெட்டுப் பக்கமும் அந்தச் சிரிப்போடு போயிற்று.

வேன் ஏற்றிவிடப் போனபோது நான் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. செல்வி தானாக வந்து பக்கத்தில் நின்றாள். அப்படியென்றால் அந்தப் பாட்டில் சோகமே இல்லையா என்று சண்டைக்குப் போவதுபோல் கேட்டேன்.

"இருக்குடி. அது அவரோட சோகம். அத பத்திரமா அவருகிட்டயே குடுத்துட்டு நாங்க நாத்த நட்டோம்" என்றாள். வேனில் ஒரு காலை வைத்தபிறகு திரும்பினாள். "நீ வரப்புல நின்னு கேட்ட. அதான் ஒனக்கு அழுகை வந்துச்சு. வந்து எறங்கு."

சுட்டது. ஏனென்றால் உண்மை. பதினெட்டுப் பக்கமும் நான் என்னைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

அந்தப் புரட்டாசியில் சம்பா நடவுக்கு இறங்கினேன். அரைமணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போயிற்று. பின்னால் நகரத் தெரியாமல் சேற்றில் உட்கார்ந்தேன். நான் ஊன்றிய நாற்றெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அப்போது வந்தது செல்வியின் பாட்டு:

காலேஜு டீச்சரம்மா
கைவச்ச நாத்தெல்லாம்
காத்தடிக்கும் முன்னாலே
கப்பலாட்டம் மிதக்குது

நான் வாங்கிய எந்தப் பட்டமும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு நாள் தவறாமல் இறங்கினேன். செல்வி பக்கத்தில் நிற்பாள். பாட்டை நிறுத்தாமல் கையை மட்டும் நீட்டி, மிதக்கும் என் நாற்றைக் கட்டைவிரலால் அழுத்தி நிறுத்திவிட்டுப் போவாள். பாட்டில் கேலி செய்ததை எல்லாரும் கேட்டார்கள். அந்த விரல் செய்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

கருமாதி முடிந்த மூன்றாம் நாள் செட் மறுபடி வயலில் இறங்கியது. நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். பாட்டு ஒவ்வொரு பெயராக வந்து, செல்வியின் பெயர் வரவேண்டிய இடத்தில் நின்றுபோனது. வரிசையில் இல்லாதவளைப் பாடக் கூடாது. அவளை விட்டுவிட்டுப் பாட யாருக்கும் வாய் வரவில்லை. அவள் கட்டிய பாட்டிலேயே அவளுக்கு இடமில்லாமல் போயிற்றே என்று கொளஞ்சியைப் பார்த்தேன். கொளஞ்சி குனிந்த தலையை நிமிர்த்தாமல் தொடங்கினாள்:

மூணு மா கெடக்கையிலே
முந்திக்கிட்டா எங்க செல்வி
ஒத்தையிலே நிக்கிறாளே
ஒசந்த வரப்பு மேலே
கொடை ஒண்ணு குடுங்கடி
கூலி கேட்டா குடுக்காதீங்க

யாரோ ஒருத்தி களுக்கென்றாள். அப்புறம் எல்லாரும். குனிந்தபடியே சிரித்தோம், கண்ணீர் நேராக வயலில் விழுந்தது. என்னையறியாமல் நான் வரப்பை நிமிர்ந்து பார்த்தேன்.

செல்வியைத் தெரிந்தவர்கள் அவளிடமிருந்து ஆளுக்கொன்று எடுத்து வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது என் மானத்தை வாங்கிய நாலு அடிப் பாட்டும், கட்டைவிரலால் அழுத்தும் அந்த ஒரு அழுத்தும். அன்று பக்கத்தில் அந்தக் கை இல்லை, நானே அழுத்திக்கொண்டேன். அடியே செல்வி, வரப்பில்தானே நிற்கிறாய், நன்றாகப் பார்த்துக்கொள். என் நாற்று ஒன்றுகூட மிதக்கவில்லை. சரி, இரண்டு மிதந்தன.