எட்டுப் பேருக்கு ஓர் ஆள்

பல் துலக்கிக்கொண்டே இடது கையின் இரண்டு விரல்களால் முகம் கழுவும் தொட்டியின் விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கிறாள் எட்டக்கா. ஆள்காட்டி விரல் ஒரு கால், நடுவிரல் மறு கால். முன்னால் மூன்று தாவல், ஒரு சுழற்சி, சோப்புப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு ஓர் ஒதுங்கல். பாட்டு நுரைக்குள்ளேயே ஓடுகிறது. முடிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு அதே பாட்டை மறுபடி தொடங்குகிறாள். இந்த முறை விரல்கள் தொட்டியின் மறுகோடியிலிருந்து வருகின்றன. இது வேறு ஆள்.

நாடு நாடாகப் போகும் ஒரு பெரிய இசை நாடகக் குழுவில் அவள் மாற்று ஆள். கூட்டமாக ஆடிப் பாடுகிறவர்களில் எட்டுப் பேருடைய இடம், அடி, வரி, உடுப்பு மாற்றும் வேகம் எல்லாம் அவளுக்குள் இருக்கின்றன. யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கால் பிசகு என்று மேடை மேலாளர் பிற்பகலில் கூப்பிட்டுச் சொல்வார். அன்றைக்கு அவள் அந்த ஆள். மீன்காரி, காவல்காரன், படகோட்டி, பின்வரிசையில் அழுகிறவள். எல்லோரும் நலமாக இருந்துவிட்டால் உடுப்பறை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு முழு நாடகத்தையும் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஊர்ல எல்லாருக்கும் லீவு போட்டா நிம்மதி. எங்கக்காவுக்கு மட்டும் அடுத்தவன் லீவு போட்டாதான் நிம்மதி" என்பான் தம்பி.

அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். மகள் முதன்முதலாகக் குழுவோடு போகப்போவதாகச் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான். "தங்க இடமும் குடுத்து, பாடுறதுக்குச் சம்பளமும் குடுப்பாங்களா?" ஆமாம் என்றாள். "அப்ப எவனோ ஏமாந்திருக்கான். அவன் முழிச்சுக்கறதுக்குள்ள கெளம்பு." பிறகு ஒரே ஒரு முறை நாடகம் பார்க்க வந்தாள். மூன்று மணி நேரம் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நல்லாத்தான் இருந்துச்சு. அதுல எந்த மீசைடி நீ?"

இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. விடுதி அறை எதுவானாலும் பெட்டியைத் திறந்த கையோடு முதலில் ஆவி பிடிக்கும் பாத்திரம் வெளியே வரும். சுவரொட்டியில் அவள் முகம் ஒருநாளும் வந்ததில்லை. அதில் அவளுக்குக் குறையும் இல்லை. மேலாளர் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் "சமாளிச்சுக்கலாம்" என்றுவிடுவாள். அந்த ஒரு சொல்லில்தான் இத்தனை ஆண்டும் ஓடியிருக்கிறது.

போன வாரம் அது தவறிப்போனது.

கப்பல் உடையும் காட்சியில் ஓர் இளம்பெண் ஏணி உச்சியிலிருந்து முதுகுப்பக்கமாக விழுவாள். குழுவிலேயே உயரமானவள்; வயதில் சிறியவள் என்பதால் பெயர் குட்டி. இருவருக்கும் வீட்டுப் பேச்சு தமிழ். "எட்டக்கா" என்று பெயர் வைத்ததும் அவள்தான். கீழே நான்கு படகோட்டிகள் பாய் முடைவதுபோலக் கைகளைப் பின்னிக்கொண்டு அவளை ஏந்த வேண்டும். இரண்டாம் ஆளின் வலது கை பக்கத்து ஆளின் கைக்கு அடியில் போக வேண்டும். மூன்றாம் ஆளுடையது மேலே. தொடர்ந்து பல நாள் மூன்றாம் ஆளாக நின்ற எட்டக்கா, அன்று இரண்டாம் ஆளின் இடத்தில் நின்றுகொண்டு மூன்றாம் ஆளின் கையை நீட்டிவிட்டாள். பின்னல் ஓரிடத்தில் விட்டது. குட்டியின் தலை வெடுக்கென்று பின்னால் சாய்ந்து மீண்டது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். மிச்ச நாடகத்தைக் குட்டி கழுத்தைத் திருப்பாமல் ஆடி முடித்தாள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. எட்டக்காவும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து விடுதி நடைபாதையில் யாரும் இல்லாதபோது கைகளை நீட்டிப் பார்க்கிறாள். சில சமயம் சரியாக வருகிறது. சில சமயம் வலது கை தானாக மேலே போகிறது, யாரோ கூப்பிட்டதுபோல.

இன்று பிற்பகல் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"குரல் ஏன் கம்முது?" என்றாள் அம்மா.

"தூக்கம் இல்லம்மா."

"அடுத்த வருசம் எந்த நாடாம்?" என்று தம்பி நடுவில் புகுந்தான்.

"யார் யார் போறாங்கன்னே இன்னும் சொல்லல. இந்த வாரம் சொல்லிடுவாங்க."

"உன்னைய விட்டுட்டுப் போயிருவாங்களா? உன்னை ஒருத்தியக் கழட்டிவிட்டா எட்டுப் பேரத் தேடி அலையணுமே!" அம்மா சிரித்தாள். மகளும் சிரித்துவைத்தாள். அதற்குள் மேலாளரின் அழைப்பு குறுக்கே வந்தது. இரண்டாம் படகோட்டிக்குக் காய்ச்சல்.

"சமாளிச்சுக்கலாம்" என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

திரை தூக்குவதற்கு முன், அன்று ஏந்தப்போகும் அதே நால்வரையும் நிறுத்தி, ஏணியில் பாதி உயரத்திலிருந்து ஒருமுறை விழுந்து பார்ப்பது வழக்கம். குட்டி கழுத்தில் தைலம் மணக்க வந்து நின்றாள்.

"இன்னிக்கு நீங்களாக்கா?"

"ஆமா."

"நல்லது" என்றாள். கொஞ்சம் அவசரமாகச் சொன்னாள்.

"கழுத்து எப்படி இருக்கு?"

"அது பாட்டுக்கு இருக்கு. நல்லாப் புடிங்கக்கா, எனக்கு இன்னும் வீட்டுக் கடனே முடியல."

"உனக்கேதுடி வீடு?"

"அதான் சொல்றேன், இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு எப்போதும் போகிற தூரம் போகவில்லை. குட்டி ஏணியில் ஏறி, முதுகைக் காட்டி நின்றாள்.

விழுகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. "விழவா?" என்று கேட்பாள். நால்வரும் வரிசையாக "விழு" என்று சொல்ல வேண்டும். யாருக்காவது சந்தேகம் இருந்தால் அவளைத் தொட்டுவிட வேண்டும். தொட்டால் இறங்கிவிடுவாள், அன்றைக்கு நாடகத்தில் அந்த விழுதலே கிடையாது. ஏன் என்ற கேள்வி குழுவின் தலைவர்கள் வரை போகும். இந்த ஊரில் இதுவரை யாரும் தொட்டதில்லை.

கைகளைப் பின்னினார்கள். எட்டக்கா குனிந்து பார்த்தாள். வலது கை அடியில் இருந்தது. சரிதான். நேற்று நடைபாதையிலும் முதல் தடவை சரியாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு மணி நேரத்தில், இருட்டில், மூன்று உடுப்பு மாற்றி ஓடிவந்து நிற்கும்போது இந்தக் கை எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"விழவா?"

குட்டியின் தலை இம்மியளவு பக்கவாட்டில் திரும்பியது. காதுமடல் தெரிந்தது. பார்க்கக் கூடாதென்று அங்கேயே நின்றுகொண்டது.

"விழு" என்றான் முதல் படகோட்டி.

அடுத்தது அவள். மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். எட்டக்கா பின்னலிலிருந்து தன் கைகளை உருவிக்கொண்டு, ஓர் எட்டு முன்னால் வந்து, ஏணிப்படியில் இருந்த குட்டியின் குதிகாலை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தாள்.